பெயர், நட்சத்திரம், ராசி

எனக்குக் கோடிங் அவ்வளவாக வராது, மேடம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நாளைக்குப் பத்திரிகைக்காரர்கள் சுகுமாறன் பெரிய கெட்டிக்காரன் என்று எழுதிவிடப்போகிறார்கள். பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் பதினோரு வருடமாக அடுத்தவன் எழுதியதைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவன் நான். எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு, சக்கரம் வைத்த நாற்காலி.

கோயில்களில் போட்ட அந்தக் கட்டணச் செயலியையும் நான் உருவாக்கவில்லை. வெளிநாட்டில் யாரோ நல்ல மனிதர்கள் எழுதி, வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் திறந்து போட்டிருந்தார்கள். அதில் ஓர் அழகு உண்டு. வாங்கியவருக்கு எவ்வளவு வந்தது என்று தெரியும்; கொடுத்தவர் யாரென்று வங்கிக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. கையில் நோட்டைக் கொடுப்பது போலத்தான். நான் அதைத் தமிழுக்கு மாற்றி, கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எடுக்க ஒரு பகுதியை ஒட்டவைத்தேன். அவ்வளவுதான் என் சாதனை. அதைப் பிடித்திருக்கிறது என்று மூன்று பேர் பொத்தானை அழுத்தியிருந்தார்கள். அதில் இரண்டு பேர் நான்.

ஷாமினி என்னை விட்டுப் போன மூன்றாவது மாதம் இந்த வேலையில் இறங்கினேன். எங்கே போனாள் என்று ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. மலர்விழியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பிள்ளைக்கு அப்போது நான்கு வயது. பெண்டாட்டி பிள்ளையைத் தேடுவது தப்பா என்று உங்களையே கேட்கிறேன். ஐம்பது மீட்டருக்குள் வரக்கூடாது என்று கோர்ட்டில் ஒரு தாள் கொடுத்தார்கள். அவள் எங்கே இருக்கிறாள் என்றே தெரியாதவன் ஐம்பது மீட்டரை எங்கிருந்து அளப்பது? அவள் மணிக்கட்டு முறிந்த விஷயம் உங்கள் ஃபைலில் இருக்கும். நான் பிடித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். இழுத்தது அவள்.

கோயில்காரர்களைச் சம்மதிக்கவைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயில் தலைவர், வேலாயுதம் என்று பெயர், என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"காசு போட்டவன் பேரு தெரியாதா? அப்புறம் டியூப்லைட்டுல யாரு பேர எழுதுறது லா? பேரு வராம எவன் தம்பி காசு போடுவான்?"

நியாயமான கேள்விதான். "அண்ணே, நன்கொடைக்குப் பேரு போட்டுக்கலாம். புருஷன் அடிச்சு ஓடி வந்த பொண்ணு ஒருத்தி இருக்கான்னு வைங்க, அவ பயப்படாம ஒரு அர்ச்சனை செஞ்சிட்டுப் போலாம்ல" என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஃப்ரீயாவா செய்றீங்க? நீங்க நல்லா இருக்கணும் தம்பி" என்று பொன்னாடை போர்த்தினார். எனக்கு ஜரிகை ஒத்துக்கொள்ளாது. மூன்று நாள் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

பிறகு செராஸ், கிள்ளான் என்று பதினொரு கோயில். ஒரு மண்டபத்தில் என்னைப் பேசவும் கூப்பிட்டார்கள். ஓடிவந்த பெண்களுக்கு அடைக்கலம் கொடுக்கும் விடுதி நடத்துகிற குமுதா என்ற அம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். பேச்சு முடிந்ததும் வந்து கேட்டார்.

"நெஜமாவே யாருக்கும் தெரியாதா அண்ணே? பேங்க் கார்டு தேச்சா போதும், புருஷனுங்க மோப்பம் புடிச்சி வந்துர்றாங்க."

"கோடிங் எல்லாம் தெறந்துதான் கெடக்குக்கா. யார வேணும்னாலும் படிச்சுப் பார்க்கச் சொல்லுங்க" என்றேன். அந்த அம்மாளுக்கு என்னை ராஜன் என்றுதான் தெரியும். கோயில்களிலும் அந்தப் பெயர்தான். எனக்கும் கொஞ்சம் அந்தரங்கம் வேண்டுமல்லவா.

நான் அவரிடம் பொய் சொல்லவில்லை, மேடம். அர்ச்சனைப் பகுதியில் இரண்டு வரி உண்டு. சீட்டில் எழுதும் பெயர், நட்சத்திரம், ராசி, கோயில், நேரம், எல்லாவற்றிலும் ஒரு பிரதி எனக்கு வரும். ஒளித்து வைக்கவில்லை. உலகமே படிக்கக்கூடிய இடத்தில், 'பிழை பார்ப்பதற்கு' என்று மேலே குறிப்பும் எழுதி வைத்திருந்தேன். ஒன்றரை வருடத்தில் ஓர் ஆள் படிக்கவில்லை. திறந்திருக்கிறது என்று சொன்னதும் எல்லாரும் அடுத்தவன் பார்த்திருப்பான் என்று போய்விடுகிறார்கள். என் எழுத்துக்கு வாசகர் கிடையாது என்பதை அப்போதுதான் ஒத்துக்கொண்டேன்.

ஷாமினி ஃபோன் நம்பரை மாற்றிவிட்டாள். முடியை வெட்டிக்கொண்டாள். பாலர் பள்ளியில் பிள்ளைக்கு வேறு பெயர் கொடுத்திருந்தாளாம். ஆனால் எல்லாரிடமும் பொய் சொல்லக் கற்றுக்கொண்டவளுக்கு ஐயரிடம் பொய் சொல்ல வராது என்று எனக்குத் தெரியும். வேறு பெயரில் செய்த அர்ச்சனை பிள்ளைக்குப் போய்ச் சேராதே. நானே செய்யமாட்டேன். மகள் பிறந்ததிலிருந்து மாதாமாதம் அவள் நட்சத்திர நாளில் ஷாமினி கோயிலுக்குப் போகத் தவறியதில்லை. எங்கள் கல்யாண நாளை மட்டும் மறந்துவிடுவாள்.

முதலில் செராஸில் ஒரு மலர்விழி, கேட்டை, விருச்சிகம் கிடைத்தது. லீவு போட்டுவிட்டு அடுத்த நட்சத்திர நாளில் காலையிலிருந்து காத்துக்கிடந்தேன். வந்தது அறுபத்தெட்டு வயதுப் பாட்டியம்மா. பசியோடு நிற்கிறேன் என்று பொங்கல் பிரசாதத்தைக் கையில் வைத்தார். சாப்பிட்டேன். என் துப்பறியும் லட்சணம் அது.

நான்கு மாதம் கழித்து கிள்ளானில் ஒரு சின்னக் கோயிலிலிருந்து அதே பெயர், அதே நட்சத்திரம், அதே ராசி. இந்தத் தடவை கூடவே இரண்டாவது பெயர் ஒன்றும் இருந்தது: ஷாமினி, பூசம், கடகம். இருபத்தேழு நாள் பொறுத்திருந்தேன். எனக்குப் பொறுமை இல்லை என்று அவள் கோர்ட்டில் சொன்னது எவ்வளவு அபாண்டம் பாருங்கள்.

அந்தக் கோயிலிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு, சாலைக்கு மேலே போகிற நடைபாலத்தைத்தான் பிடிக்கவேண்டும். மாலை ஆறரை மணி. நான் மேல் படியில் நின்றேன். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தவள், கடைசிப் படிக்கு வந்த பிறகுதான் நிமிர்ந்தாள். கத்தவில்லை. பிள்ளையை முன்னால் தள்ளி, "ஓடு" என்றாள். பிள்ளை ஓடவில்லை. என்னை அடையாளம் தெரிந்து அப்படியே நின்றுவிட்டது.

"எப்படி..." என்றாள் ஷாமினி. "காசு கட்டுறதுல பேரு வராதுன்னு சொன்னாங்களே."

"காசுல வராதும்மா. அர்ச்சனைல வரும்" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டேன். ஏழு வருடக் குடித்தனத்தில் என் வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. வீட்டுக்குப் போகலாம் வா என்று கூப்பிட்டேன். மாட்டேன் என்றாள், மெதுவாகத்தான் சொன்னாள்.

தவறி விழுந்தாள் என்று சொல்லச் சொல்லி வக்கீல் சொன்னார். அப்படிச் சொன்னால் ஒன்றரை வருட உழைப்பும் தற்செயலாகிவிடும். இரண்டு கையாலும் தள்ளினேன், மேடம். முப்பத்திரண்டு படி. இறங்கிப் போய்ப் பார்த்தபோது கண் திறந்திருந்தது, மூச்சும் இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. மேலே பிள்ளை அழுதுகொண்டிருந்தது. தகப்பன் முதலில் அதைத்தானே கவனிக்கவேண்டும். அந்தப் பக்கம் இறங்கி ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். சாப்பிடவில்லை. அவள் அம்மா மாதிரிப் பிடிவாதம்.

மலர்விழியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்கிறீர்கள். உங்கள் வேலை அது, எனக்கு வருத்தமில்லை. அந்த இரண்டு வரியைப் பற்றிச் சொன்னபோது மட்டும், கம்ப்யூட்டர் சமாசாரம் என்று நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். நான் ஒட்டியதை இப்போது நாற்பது கோயில் அந்த இரண்டு வரியோடேயே எடுத்துப் போட்டிருக்கிறதாம். செத்தவளுக்கு வருடம் திரும்பும்போது மோட்ச தீபம் ஏற்ற யாராவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார்கள். சீட்டில் ஷாமினி, பூசம், கடகம் என்று எழுதித்தானே ஆகவேண்டும். எத்தனை வருடம் வேண்டுமானாலும் உள்ளே போடுங்கள் மேடம், எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.