சரக்கு லிஃப்டில் நடந்தது எரர் அல்ல

பெயர், வயது, விலாசம் எல்லாம் மேலே எழுதியிருப்பது சரிதான். நான் துணி வெளுக்கும் கம்பெனியில் கீழ்த்தளத்தில் துணி பிரிக்கும் வேலை பார்க்கிறேன். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், இங்கிலீஷ் காதால் கேட்டுப் பழக்கம். இறந்தவர் என் கணவர். நேற்று முதல் நீங்கள் ஸ்டேஷனில் வைத்திருப்பவர் அவருடைய தம்பி, என் கொழுந்தன். மூன்று பேரும் ஒரே ஷிப்டில் வேலை செய்தோம். யாரும் சொல்லிக்கொடுத்து நான் பேசவில்லை. நிதானத்தோடுதான் இருக்கிறேன்.

எங்கள் கம்பெனிக்கு ஹோட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் போர்வையும் விரிப்பும் வரும். கீழே துவைத்துப் பிழிந்து, சரக்கு லிஃப்டில் ஏற்றி, மேலே இஸ்திரிக்கு அனுப்புவோம். கீழே என் கணவர் துணியை அடுக்கி மணி அடிப்பார். மணி கேட்டதும் மேலே கொழுந்தன் பட்டனை அழுத்துவார். மேலிருந்து கீழே பார்க்க வழி கிடையாது. மணியை நம்பித்தான் வேலை.

கம்பிக் கதவு சரியாகச் சாத்தினால்தான் அந்த லிஃப்ட் நகரும், அதற்கென்று கதவோரம் ஒரு சுவிட்ச் இருக்கிறது. போன மழைக்காலத்தில் கதவு கோணிக்கொண்டு சுவிட்சில் படாமல் போனது. லிஃப்ட் அடிக்கடி நின்றது. அதன் பிறகு சூப்பர்வைசர், துணி காயப்போடும் மரக் கிளிப் ஒன்றை அந்தச் சுவிட்சுக்குள் சொருகி வைத்தார். அன்றிலிருந்து கதவு திறந்து கிடந்தாலும் லிஃப்ட் நகர்ந்தது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "கதவையே மாத்தணும் சார், ரெண்டு நாள் லிஃப்டை நிறுத்துங்க" என்றார். மேனேஜர், "நிறுத்திட்டு? டெலிவரியை நீ தலையில சுமந்துட்டுப் போவியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. கிளிப் உடைந்து விழுந்தால் சூப்பர்வைசரே புதுக் கிளிப் எடுத்துக் கொடுப்பார்.

சம்பவத்தன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பு என் கணவர் ஈரப் போர்வைகளை ஏற்றி மணி அடித்தார். அதன் பிறகு ஒரு போர்வையின் நுனி வெளியே தொங்குவதைப் பார்த்து, தரையில் பட்டு அழுக்காகிவிடும் என்று திறந்திருந்த கதவு வழியாகக் குனிந்து உள்ளே தள்ளினார். லிஃப்ட் கிளம்பியது. நான் மேசையிலிருந்து பார்த்துக் கத்தினேன். என் சத்தம் கேட்டுக் கொழுந்தன் உடனே நிறுத்தினார். அதற்குள் முடிந்துவிட்டது. செருப்பு ஒன்று மட்டும் வெளியே கிடந்தது, அதை எடுத்து ஓரமாக வைத்தேன். அந்தப் போர்வைகள் மறுபடி துவைக்கப்பட்டு அன்று சாயங்காலமே டெலிவரி போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு ஆஸ்பத்திரிப் பிணவறை வராந்தாவில் நானும் கொழுந்தனும் உட்கார்ந்திருந்தோம், அவர் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். மேனேஜர் இங்கிலீஷில் அடித்த காகிதத்தோடு வந்து என்னைக் கையெழுத்துக் கேட்டார்.

"யார் மேலயும் பழி போடலம்மா. ஹியூமன் எரர்னு மட்டும் போட்டிருக்கோம். மிருதுவான வார்த்தை. நீங்க கையெழுத்துப் போட்டா தம்பிக்கும் நல்லது."

"யாரோட எரர் சார்?"

"பொதுவா... மனுஷங்களோடது."

"லிஃப்ட் பக்கத்துல நின்ன மனுஷங்க ரெண்டே பேர். ஒருத்தர் உள்ள படுத்திருக்காரு. இன்னொருத்தர் இதோ உக்காந்திருக்காரு."

அதற்குக் கொழுந்தன் என் காலைப் பிடித்துக்கொண்டு, "என் மிஸ்டேக்னே எழுதச் சொல்லுங்க அண்ணி, நான்தானே அழுத்தினேன்" என்று அழுதார். "எந்திரிங்க தம்பி, மூக்கைத் துடைங்க" என்றேன். மேனேஜர், யோசித்துச் சொல்லுங்கள் என்று காகிதத்தை என் மடியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

அதன் பிறகு கம்பெனி டைப்பிஸ்ட் அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் காகிதத்தை அடித்தவரே அவர்தான். எரர், மிஸ்டேக், ஃபால்ட் மூன்றும் ஒன்றுதானே அக்கா என்று கேட்டேன். என் கணவருக்கு அந்த வார்த்தைகள் பிடிக்கும். வீட்டில் நான் பாலைப் பொங்க விட்டால் அது என் ஃபால்ட், அவர் பொங்க விட்டால் சின்ன மிஸ்டேக். அதைச் சொன்னதும் அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"உன் புருஷன் வெவரமான ஆளுடி. மூணும் அக்கா தங்கச்சி மாதிரிதான், தூரத்துல பாத்தா ஒரே ஜாடை. மிஸ்டேக்னா ஒண்ணை இன்னொண்ணுன்னு நெனச்சு செஞ்சுடறது. எரர்னா எங்கயோ வழி தப்பிப் போச்சுன்னு அர்த்தம், கேட்டா கையை விரிச்சுடலாம். அதான் ஆபீஸ்காரங்களுக்கு அது மேல அவ்வளவு ஆசை. ஃபால்ட்னா மட்டும் யாரோடதுன்னு சொல்லியே ஆகணும்."

"அப்போ கிளிப் சொருகினது?"

"தெரிஞ்சே செஞ்சது எப்படிடி மிஸ்டேக் ஆகும்? மிஸ்டேக்குக்குத் தெரியாம இருக்கணும்."

பிறகு அவர், "நான் சொன்னேன்னு சொல்லிடாதே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சொன்னாலும் சொல்லு, போ" என்றார். அதனால் சொல்கிறேன்.

மேனேஜர் திரும்பி வந்ததும் காகிதத்தை நான்காக மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். "உங்களுக்குத்தான் நஷ்டம். தம்பி உள்ள போனா யார் பாத்துக்குவா உங்களை?" என்றார். "நான் பாத்துக்குவேன் சார். ஃபால்ட்னு போட்டு, யாரோடதுன்னும் எழுதிக் கொண்டாங்க, போடறேன்" என்றேன். அவர் மறுபடி வரவில்லை. சாயங்காலம் கொழுந்தனை நீங்கள் அழைத்துவந்துவிட்டீர்கள்.

நான் சொல்வது இதுதான். என் கணவர் குனிந்தது மிஸ்டேக் அல்ல, கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகரக்கூடாது. கொழுந்தன் செய்தது எரரும் அல்ல மிஸ்டேக்கும் அல்ல. கதவு கெட்டது தெரிந்தும் கிளிப் சொருகி ஓட்டியது கம்பெனியின் ஃபால்ட். கோர்ட்டுக்கு இங்கிலீஷில் எழுதும்போது அந்த வார்த்தையையே போட வேண்டும், மாற்றக்கூடாது.

இதுவரை எழுதியதை எழுத்தர் ஐயா எனக்குப் படித்துக் காட்டினார். சம்பவம் பற்றிய பத்தியில் "கொழுந்தன் தவறுதலாகப் பட்டனை அழுத்தியதில் லிஃப்ட் கிளம்பியது" என்று வந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். "வழக்கமா அப்படித்தாம்மா எழுதுவோம்" என்றார். "தவறுதலா இல்லீங்க ஐயா. மணி அடிச்சுது, சரியாத்தான் அழுத்தினாரு" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதினார். இப்போது "லிஃப்ட் கிளம்பியது" என்று மட்டும் இருக்கிறது. நானே எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன்.

மேலே கண்டதெல்லாம் நான் கண்ணால் பார்த்ததும் வாயால் சொன்னதும் ஆகும். இதில் ஒரு சொல்லும் பிறர் சொல் இல்லை என்று உறுதி கூறிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
இறந்தவரின் மனைவி

என் முன்னிலையில் சொல்லப்பட்டு, பதிவு செய்யப்பட்டது.
நிலைய எழுத்தர்