மடியில் ஒரு ஸ்டார்ட்டர் மோட்டார்

"செத்தவரைத் தவிர எல்லாரும் தள்ளுனோம் தம்பி" என்று முன் இருக்கைக்காரர் சொன்னதும், ஸ்ரீரங்கத்தில் புறப்பட்ட டவுன் பஸ்ஸே காதைத் தீட்டிக்கொண்டது. காக்கிச் சட்டை, பழைய அமரர் ஊர்தியின் டிரைவர். மடியில் சாக்கில் சுற்றிய புது ஸ்டார்ட்டர் மோட்டார்.

"பேட்டரி போயிருக்கும்ணே" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"லைட்டு பளிச்சுன்னு எரியுதே! சாவியைத் திருப்புனா டக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஸ்டார்ட்டர் தலையில சுத்தியலால ஒண்ணு போட்டா ஓடும். நேத்து அதுக்கும் மசியல. மாலை போட வந்தவங்க வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு உறையூர் கடைவீதி முழுக்கத் தள்ளுனாங்க. கழட்டிப் பாத்தா உள்ள செம்புக் கம்பிச் சுருளு கருகிக் கிடக்கு."

"இப்பவாச்சும் மாத்துறீங்களே."

"மாமனார் ஆஸ்பத்திரியில கிடக்குறாரு. டாக்டர் கையை விரிச்சுட்டாரு, ஆனா பெரியவருக்கு வாய் அடங்கல. 'மாப்ள, என்னையும் தள்ளிக்கிட்டுப் போனீங்கன்னா எந்திரிச்சு வீட்டுக்கு நடந்துருவேன்'ங்கிறாரு. அதான் புதுசு வாங்கிட்டேன்."

"வீட்டுல அண்ணி என்ன சொல்றாங்க?"

பஸ் பாலத்தில் ஊர்ந்தது. கீழே காவிரிக்கும் அவசரமில்லை. அவர் சாக்கின் முடிச்சைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"அப்பா எந்திரிச்சு நடப்பாருன்னா அதை மாட்டாதீங்கங்கிறா."