என் நாற்காலியில் முயல்கள்

காபி ஆறிப்போனால் எனக்குப் பிடிக்காது. மற்றபடி நான் பரம சாது என்பது உனக்கே தெரியும், அம்மாடி. நீ கேட்டதால் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த அன்றைக்குத்தான் உன் அம்மாவுக்குச் சுறுசுறுப்பு வந்தது. துணிப் பொம்மை தைத்து இணையத்தில் கடை போட்டாள். கடையின் இணைய முகவரியை என் பெயரில் பதிவு செய்து பரிசளித்தவனே நான்தான். பூமியில் பாதிப்பேர் பொம்மை கேட்டு வரிசையில் நின்றார்கள். சாப்பாட்டு மேசையில் யானைகள், என் நாற்காலியில் முயல்கள். உட்காரப் போனால், "ஏங்க, காது நசுங்கும், எழுந்திருங்க" என்பாள். முயலின் காதுக்கு இருந்த மரியாதை எனக்கில்லை.

நான் கோபப்படவில்லை. ஒரு மதியம், அந்த முகவரியைத் தட்டுகிறவர்கள் உன் சித்தியும் இணையத்தில் நடத்தும் பொம்மைக் கடைக்குப் போய்ச் சேரும்படி மாற்றிவிட்டேன். வெளியாளுக்கு விடாமல் வியாபாரத்தைக் குடும்பத்துக்குள்ளேயே வைத்தேன் பார்.

ஆர்டர் நின்றது. ஒரு வாடிக்கையாளர் விஷயத்தைச் சொன்னதும் அம்மா சித்திக்குப் போன் போட்டாள்.

"கூடப் பிறந்துட்டு என் வயித்துலயே அடிக்கிறியேடி?"

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா."

அத்தோடு பேச்சுவார்த்தை அறுந்தது. அக்கா தங்கை சண்டையில் ஆண்பிள்ளை மூக்கை நுழைப்பது அநாகரிகம் என்று ஒதுங்கிக்கொண்டேன்.

"நீங்கதாங்க சரி பண்ணித் தரணும்" என்றாள் உன் அம்மா என்னிடம். தினமும் மாலையில் சரிசெய்தேன். அதாவது, திரையைப் பார்த்துப் புருவத்தை நெரித்தேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். காபி கொதிக்கக் கொதிக்க வரும். "உங்களை விட்டா எனக்கு யாருங்க இருக்கா?" என்றாள் ஒருநாள். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டிராத வார்த்தை.

"சித்தியால அந்த முகவரியைத் தொடக்கூட முடியாதுப்பா. அது உங்க கையில இருக்கு. அம்மா தையல் மெஷினையே வித்துட்டாங்க, தெரியுமா?" என்கிறாய். தெரியும். மெஷினைத் தூக்கி வண்டியில் ஏற்ற நானும் ஒரு கை கொடுத்தேன்.

செய்தது நான்தான். ஆனால் பலனையும் பார். மெஷின் இருந்த இடத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். நாள் முழுக்க என் பக்கத்திலேயே இருக்கிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேச்சே தேவைப்படாத அளவுக்கு நெருக்கமாகிவிட்டோம்.