ஒரு இஷ்யூ

இல்ல சார், அந்த ரோஸ் வேணாம், சாயம் போயிடும். அந்த மஞ்ச கவுன எடுங்க. அளவா? இருங்க, சொல்றேன்.

எனக்கு ஊரு அடி அண்ணாமலைங்க. நெல்லு, மல்லாட்ட வெதைக்கிறதுதான் பொழப்பு. இங்கிலீசு எங்க போயி படிக்கிறது? இஷ்யூன்னு ஒரு வார்த்த இருக்குதே, கேட்டிருப்பீங்க. வேங்கிக்கால் ஆபீசுல, ரேஷன் கார்டு இஷ்யூ பண்ணியாச்சும்பாங்க. குடுத்துட்டாங்கன்னு அர்த்தம். ஊர்ல ரெண்டு பேரு அடிச்சிக்கிட்டா, இஷ்யூ ஆயிடுச்சும்பானுங்க. வம்பு. இந்த ரெண்டுதான் எனக்குத் தெரியும்.

எம் பொண்ணு பொன்னி, மொத கல்யாணம் சரியில்லன்னு அத்துக்கிட்டு வந்துட்டா. நாலஞ்சு வருசமா வூட்டோட கெடந்தவளுக்கு இப்பதான் ஒரு எடம் வந்துது. செழியன்னு, வேங்கிக்கால்ல சொந்த வூடு. புரோக்கர் சகாதேவன் போன்லயே சொன்னான், மாப்பிள்ளையும் விவாகரத்து, மொத சம்சாரம் மூலமா ஒரு இஷ்யூ இருக்குது, பரவாயில்லயா மாமான்னு. கேசு கீசு நிக்குது போலன்னு நெனச்சிக்கிட்டு, பாத்துக்கலாம் வாடான்னுட்டேன்.

ஞாயித்துக்கெழம நானும் சகாதேவனும் மாப்பிள்ள வூட்டுக்குப் போனோம். காப்பி, மிக்சரு, நல்ல மரியாத. பொண்ணப் பெத்தவன் கறாரா பேசணும்ல? தம்பி, அந்த இஷ்யூவ மொதல்ல தல முழுவுங்க, செலவு ஜாஸ்தியானாலும் ஒரேடியா தொலைச்சுக் கட்டுங்க, எம் பொண்ணு தலையில அதக் கட்டாதீங்கன்னேன்.

சிரிக்காதீங்க சார். அந்தத் தம்பி எழுந்து உள்ள போயிட்டாரு. சகாதேவன் என்னைத் தெருவுக்கு இழுத்தாந்துதான் சொன்னான். கல்யாணப் பேச்சுல இஷ்யூன்னா புள்ளையாம். பெத்த புள்ள.

பொன்னிக்கு எம்மேல கோவம். எனக்கு மாப்பிள்ள அமையாட்டி போவுது, நீ போயி அந்த வூட்டுல மூஞ்சியக் காட்டிட்டு வான்னுட்டா. நாளைக்குப் போறேன். கதவத் தொறப்பாங்களோ என்னமோ.

அளவுதானே கேட்டீங்க? அந்தப் புள்ளைக்கு வயசு தெரியாது. பக்கத்து வூட்டுப் பாப்பான்னு நெனச்சிட்டேன். போயி உக்காந்ததுமே ஓடியாந்து ஏறிக்கிச்சு, கையில மிக்சர வச்சிக்கிட்டு. எம் மடியில உக்காந்தா உச்சந்தல தாடைய இடிக்கும், அவ்ளோ உசரம்.

நான் தொலைச்சுக் கட்டுங்கன்னு கொரல ஒசத்தினப்போ, அங்க உக்காந்துக்கினு கை தட்டிச்சு சார்.