குளிராத பஸ்

மார்கழி விடிகாலை. பெற்றோல் இல்லாத காலம். யாழ்ப்பாணம் போகும் பஸ் மண்ணெண்ணெயில் ஓடியது. உடுவிலில் ஒரு புருஷனும் மனைவியும் ஏறி எனக்கு முன்னால் இருந்தார்கள். மனைவி சொன்னார்:

“இஞ்சேருங்கோ, இந்தப் பஸ்ஸுக்குள்ளை குளிரேல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கேல்லை.”

“உமக்கென்ன விசரே?” புருஷன் சிரித்தார்.

“முந்தி மோட்டச்சைக்கிளிலை கீரிமலைக்குப் போகேக்கை என்ன குளிர்! நீங்கள் சேட்டுக்குள்ளை பேப்பர் மடிச்சு வைப்பியள். நான் உங்கடை முதுகோடை ஒட்டிக்கொண்டு இருப்பன்.”

“இப்ப அதிலை கோழிதான் ஏறிப் படுக்குது. விலை கேட்ட புத்தூர் ஆள் நாளைக்கு வந்து வாங்கிக்கொண்டு போகட்டும்.”

“அதை வித்துப்போட்டு, நான் எதைச் சாட்டி உங்களைக் கட்டிப்பிடிக்கிறது?”

“மெல்லக் கதையுமப்பா. சனம் கேக்குது.”

பஸ் இணுவில் தாண்டியது. புருஷன் வெளியே பார்த்தபடி சொன்னார்:

“அந்தாளை வரவேண்டாமெண்டு சொல்லிவிடுறன்.”