பதினெட்டு விநாடி

தேநீர் நன்றாக இருக்கிறது, ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, இந்தக் குளிருக்கு வேண்டியதுதான். வாக்குமூலம் எழுதுகிற போலீஸ்காரரை அவசரப்படாமல் எழுதச் சொல்லுங்கள். முப்பத்தொரு வருடம் டிராக்டர் பழுது பார்த்தவன் நான். அவசரத்தில் ஒரு போல்ட்டைக்கூட முறுக்கியதில்லை.

முதலில் என் மாப்பிள்ளையை வெளியே விடுங்கள். அந்த டைமரை அவர்தான் மாற்றினார் என்று பத்து நாளாக உள்ளே வைத்திருக்கிறீர்கள். கேள்விப்பட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. தங்கமான மனிதர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பத்தாம் நம்பர் ஸ்பேனர் கேட்டால் மொத்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து, "இதுல எதுன்னு நீங்களே பாத்துக்கோங்க மாமா" என்பார். அந்த வேலையை அவர் செய்தார் என்று எழுதினால் அது என் தொழிலுக்கே அவமானம். முதல் நாள் நான்தான் உங்களிடம், புருஷன் பெண்டாட்டிக்குள் கொஞ்சம் வாய்ச்சண்டை என்று சொன்னேன். அதையும் அடித்துவிடச் சொல்லுங்கள்.

உங்களுக்கு டிராக்டர் பழக்கம் இல்லை என்பதால் சொல்கிறேன். டீசல் என்ஜின் குளிரில் லேசில் எழாது. அதற்காகவே உள்ளே குளோ பிளக் என்று மூன்று கம்பிகள் இருக்கும். சாவியைப் போட்டதும் அவை பழுக்கச் சூடேறும். அப்புறம் ஸ்டார்ட் செய்தால் பிடித்துக்கொள்ளும். எத்தனை விநாடி சூடேற்றுவது என்று பார்த்துக்கொள்வதுதான் டைமர். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. மகள் வீட்டு டிராக்டருக்குப் பதினெட்டு விநாடி. அதுவரை சாவிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரியும். டைமர் செத்து மூன்று வருடம் ஆகிறது. அதிலிருந்து விளக்கும் எரிந்ததில்லை.

மகளும் மாப்பிள்ளையும் என் பட்டறைக்குப் பின்னால்தான் குடியிருந்தார்கள். டிராக்டர் அவர்களுடையது. அவளுக்கு இருபத்தொன்பது வயது, எனக்கு இன்னும் பாப்பாதான். அம்மா போகும்போது அவளுக்கு ஆறு வயது. தலை வாரியது, சடை பின்னியது, காய்ச்சலில் விழித்திருந்தது எல்லாம் இந்தக் கிரீஸ் கைதான். டைமர் செத்த பிறகு குளிர்காலம் முழுக்கக் காலையில் வந்து கதவைத் தட்டுவாள்.

"அப்பா, எந்திரிக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

நான் போய் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்து, பிளக்கைச் சூடேற்றி, கிளப்பிக் கொடுப்பேன். அப்புறம் மூன்று பேரும் நின்றபடியே தேநீர் குடிப்போம். அவள் கன்னத்தில் கரி ஒட்டியிருக்கிறது என்று பொய் சொல்லித் துடைக்க வைப்பேன். அவளும் தினமும் ஏமாறுவாள்.

புது டைமர் எப்போது வாங்கினாய் என்று கேட்டீர்கள். பழையது செத்த அதே வாரத்தில். அலமாரி மேல்தட்டில் பெட்டி பிரிக்காமல் மூன்று வருடம் இருந்தது. அவளிடம், "பார்ட்ஸ் வரலம்மா" என்று சொல்லிவைத்தேன். பொய்தான். அதனால் யாருக்கு என்ன கெட்டுப்போனது?

போன வருடம் மாப்பிள்ளை ஒரு ஸ்ப்ரே டப்பா வாங்கிவந்தார். காற்று இழுக்கும் குழாயில் அதை அடித்தால் எப்பேர்ப்பட்ட குளிரிலும் என்ஜின் எழுந்துவிடும். பெட்ரோலைவிடச் சட்டென்று தீப்பிடிக்கிற சரக்கு. பாப்பா என்னைக் கேட்காமல் எதையும் தொட மாட்டாள், கொண்டுவந்து காட்டினாள். நான் ஒளிக்காமல் சொன்னேன்.

"குளோ பிளக் வேலை செஞ்சா இதத் தொடவே கூடாதும்மா. உள்ள பழுத்துக் கிடக்கும், அப்படியே மூஞ்சில திருப்பி அடிச்சிரும். நம்ம வண்டியில பிளக்குக்குக் கரண்டே போகல, அதனால பயமில்ல."

"நிச்சயமா போகலைல்ல?"

"போகலம்மா."

அதோடு என் கதவைத் தட்டுவது நின்றுபோயிற்று. பட்டறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். மாப்பிள்ளை சீட்டில் ஏறிச் சாவியைப் போடுவார். பாப்பா டப்பாவைக் குலுக்கிக்கொண்டே முன்னால் போவாள், கவிழ்த்து வைத்த வாளியில் ஏறி, குழாய் மூடியைக் கழற்றி, ஸ்ப்ரேயை உள்ளே அடித்துக்கொண்டே, "ம், ஸ்டார்ட் பண்ணுங்க" என்பாள். சாவி போட்டதிலிருந்து அந்தக் குரல் வரை பதினாறு, பதினேழு விநாடி. ஒரு குளிர்காலம் முழுக்க எண்ணியிருக்கிறேன். தேநீரைத் தனியாகக் குடித்துக்கொண்டு வேறென்ன செய்வது.

போன மாதம் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு நாள் ரயிலில் போக வேண்டிய தூரம். "வருஷத்துக்கு ஒரு தடவ வந்துருவோம்ப்பா" என்றாள். "நீங்களும் எங்ககூட வந்துருங்களேன் மாமா" என்றார் மாப்பிள்ளை, ஒரு பேச்சுக்கு. ரொம்ப சந்தோஷம் என்றேன். இருபத்து மூன்று வருடம் தூக்கி வளர்த்தவனுக்கு வருடத்துக்கு ஒரு தடவை. கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் நான் கத்துகிறவன் இல்லை.

டிராக்டரை வாங்கியவர் வெள்ளிக்கிழமை காலை வந்து ஓட்டிப்போவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை இவர்களுக்கு ரயில். வியாழக்கிழமை மத்தியானம் பயணத்துக்குப் பெட்டி வாங்க இரண்டு பேரும் கடைக்குப் போனார்கள். நான் டைமரை மாற்றினேன். கைமாறுகிற வண்டியைப் பழுதோடு கொடுப்பது எனக்குப் பிடிக்காது. இரண்டு ஸ்க்ரூ, நாலு ஒயர். டேப் ஒட்டுவது எனக்கு ஆகாது, நாள்பட்டால் பிசுபிசுக்கும். மெழுகு நூலால் கட்டி, இரட்டை முடிச்சுப் போட்டு, நுனியை உள்ளே மடக்கிவிடுவேன். சாவியைப் போட்டுப் பார்த்தேன். பதினெட்டு விநாடி, துளி பிசகில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை நல்ல குளிர். வாங்கியவர் வருமுன் வண்டியைக் கிளப்பிவைக்க இரண்டு பேரும் வந்தார்கள். ஜன்னலில் நின்றேன். நீங்கள் நினைக்கிற மாதிரி பெரிய சத்தமெல்லாம் இல்லை. டயர் வெடித்த மாதிரி ஒன்று, அடுத்து டப்பா வெடித்தது ஒன்று. ஓடிப்போய் ஈரச் சாக்கைப் போட்டு அவள்மேல் பிடித்த தீயை அணைத்ததும் நான்தான். சாக்கை விடியும்போதே நனைத்து வைத்திருந்தேன். கல்நெஞ்சக்காரன் அப்படிச் செய்வானா?

மாப்பிள்ளைக்கா குறி வைத்தாய் என்கிறீர்கள். அவரை எதற்கு? அவர் சீட்டில் இருப்பவர். தவிர, அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் பாப்பா ஒற்றைக் காலில் நின்று அவர் பின்னாலேயே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போயிருப்பாள். அவள் கையில் ஒரு காயம் பட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். ஆற ஒரு மாதம். அதற்குள் ரயில் போயிருக்கும், வேலை வேறு ஆளுக்குப் போயிருக்கும். அவள் குள்ளம், வாளியில் ஏறி நின்றாலும் முகம் அந்தக் குழாய்க்கு நேராகத்தான் இருக்கும், அது தெரியாதா என்கிறீர்கள். தெரியும்.

இரண்டு கண்ணும் இனி வராது என்று டாக்டர் சொன்னார். வலது கை தேறிவிடுமாம்.

முந்தாநாள் உங்கள் ஆள் அந்த டைமரை ஒயரோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை மாற்றியதா என்று அவளிடம் கேட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். கட்டுப் போடாத இடது கையை நீட்டி வாங்கினாள். விரலால் தடவிக்கொண்டே போனவள் நூல்கட்டு வந்ததும் நின்றாள்.

"இது உங்க முடிச்சுப்பா."

நான் அடுத்த கரண்டியை அள்ளினேன்.

"புது டைமர்னா லைட் எரிஞ்சிருக்கணுமே. எரிஞ்சிருந்தா அவர் சொல்லியிருப்பாரே. லைட்ட என்னப்பா பண்ணுனீங்க?"

அப்புறம் வாயை மூடிக்கொண்டாள். கரண்டியை உதட்டில் வைத்தும் திறக்கவில்லை. நேற்று நர்ஸ் என்னை வாசலிலேயே நிறுத்தி, "உள்ள விட வேண்டாம்னு அவங்க சொல்லிட்டாங்க" என்றார்.

விளக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. வியாழக்கிழமை டைமரைச் சோதித்து முடித்த பிறகு பல்பை நான்தான் கழற்றினேன். இதோ, என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. மேஜையில் வைக்கிறேன், பார்த்து எடுங்கள். நல்ல பல்பு, போட்டால் எரியும்.

உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று அவளிடம் சொல்லுங்கள். மாப்பிள்ளையிடமும் சொல்லுங்கள், அவர் தாராளமாக அந்த ஊருக்குப் போகலாம். கண் தெரியாத பிள்ளையை இரண்டு நாள் ரயிலில் வைத்துக்கொண்டு அவர் எங்கே அல்லாடுவார்? பாப்பாவின் கோபம் எனக்குப் புதிதல்ல. சின்ன வயதிலும் இப்படித்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், தலை வாரிவிட உட்காரவைத்ததும் சரியாகிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், ஐயா. அவளைக் கூட்டிவர நான் போக வேண்டும், அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?