உயர்த்திய விரல்

தம்பி, நான் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் இன்ஸ்பெக்டருக்கு மலாயில் சொல்லுங்கள். எனக்கும் மலாய் தெரியும். இருந்தாலும் வாக்குமூலம் தாய்மொழியில் இருப்பதே முறை. சற்று முன்னர் என் பெயரைச் சொல்லும்போது 'ரிட்டையர்ட் வாத்தியாரு' என்றீர்கள். 'ஓய்வுபெற்ற ஆசிரியர்' என்று சொன்னால் நாக்கு சுளுக்கிவிடாது.

தனலெட்சுமியின் மரணத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதற்கு முன் என் மனைவியின் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

லோகேஸ்வரி எங்கள் ரப்பர் தோட்டத்துப் பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். சர்க்கரை நோயால் அவளுடைய வலது பாதத்தில் வந்த புண் ஆறவே இல்லை. நாள்தோறும் காலையில் நான்தான் கட்டைப் பிரிப்பேன். அந்த வாடையை ஊதுபத்தியால் மறைக்க முயன்றேன். இரண்டும் கலந்து வீடே சாவு வீடுபோல் ஆனது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கியவன் நான். ஒரு புண்ணை அடக்க என்னால் முடியவில்லை.

அப்போதுதான் டாக்டர் ஹிதாயா பல்கலைக்கழகத்திலிருந்து புக்கிட் பெலண்டோக் பக்கமுள்ள எங்கள் தோட்டத்துக்கு வந்தார். மரத்திலிருந்து எடுக்கும் ரப்பர் பாலை வேதிமுறையில் மாற்றி, கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய படலம் ஒன்றைச் செய்திருந்தார். தோலின் உயிரணுக்கள் அதைப் பற்றிக்கொண்டு புண்ணின் குறுக்கே நகருமாம். கணினியில் காட்டினார். ஆற்றைக் கடக்கும் மனிதர்களைப்போல அவை ஒன்றையொன்று தொட்டபடி ஊர்ந்தன. நான் கண் கலங்கினேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நோயாளிகள் பலருக்கு மலாய் அரைகுறை என்பதால், அவர்களிடம் எல்லாவற்றையும் தமிழில் விளக்க ஒருவர் வேண்டும் என்றார். நான் ஒப்புக்கொண்டேன். லோகேஸ்வரியும் ஆய்வில் சேர்ந்தாள். ஆய்வுக் குறிப்புகள் ஆங்கிலத்தில் என்பதால் அவர் ஆங்கிலத்தில் கேட்பார். நான் தமிழில் கேட்டு, ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். விதிகள் மூன்று. போதிய ஆட்கள் சேராவிட்டால் ஆய்வு வேறு தோட்டத்துக்குப் போய்விடும். ரப்பர் பால் ஒவ்வாதவர்களைச் சேர்க்கக் கூடாது. ஒருவருக்குக் கடுமையான ஒவ்வாமை தோன்றினாலும் எல்லோருடைய படலத்தையும் எடுத்துவிட்டு ஆய்வை நிறுத்திவிடுவார்கள்.

ஓர் ஆள் குறைந்தது. தனலெட்சுமி வந்தாள். என் பழைய மாணவி. அண்மைவரை ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். கணுக்காலில் புண்.

"பால் பட்டா கை தடிச்சிப் போவும், சார். அதுக்குத்தான மண்டோரு என்னைப் பால் வெட்டுலேருந்து செம்பனைக் காட்டு வேலைக்கு மாத்துனாரு," என்றாள்.

அவளுக்கு ஒவ்வாமை எதுவும் இல்லை என்று டாக்டரிடம் சொன்னேன்.

லோகேஸ்வரியின் புண் ஓரங்களில் இளஞ்சிவப்பாகத் தோல் வரத் தொடங்கியது. ஒரு நாள் அவள் தானாகவே எழுந்து அடுப்படிவரை நடந்துபோய், "தேத்தண்ணி போடட்டுமா?" என்று கேட்டாள். அதைக் கேட்டவர்களுக்குத்தான் நான் சொல்லப்போவது புரியும்.

தனலெட்சுமி ஒவ்வொரு முறையும் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கட்டு போட்ட அன்னிக்கு முதுகெல்லாம் தடிச்சிப் போச்சு, சார். நானு தோலை உரிக்கிற பாம்பாட்டம் சுவத்துல தேய்ச்சிக்கிட்டு நிக்கிறேன்லா. என் மவன் சிரிக்கிறான்," என்றாள்.

நன்றாகத் தூங்குகிறாள், பசியும் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஆங்கிலம் அவளுக்குத் தெரியாது. 'சார் சொல்லிட்டாரு' என்ற நிம்மதியோடு அவள் எனக்கு நன்றி சொன்னாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த என் மனைவிக்கு ஆங்கிலம் தெரியும். வீட்டுக்கு வந்ததும், "தனம் சொன்னத ஏங்க மாத்திச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"சொன்னால் நிறுத்திவிடுவார்கள்," என்றேன்.

அவள் தன் பாதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைக் கவனமாக முக்காலியின்மேல் தூக்கி வைத்தாள். அவளை இதில் சேர்க்க வேண்டாம்.

கடைசி நாளுக்கு வருகிறேன். அன்று தனலெட்சுமியின் குரல் கம்மியிருந்தது. புதிய படலம் ஒட்டுவதற்கு முன் அவள் என்னைப் பார்க்காமல் நேராக டாக்டரைப் பார்த்து, "டாக்டர், காத்தால்..." என்று தொடங்கினாள். அரிப்புக்கு டாக்டரின் தாய்மொழியான மலாயில் அதுதான் சொல். இன்னும் இரண்டு சொற்கள் பேசியிருந்தால் டாக்டருக்கு நான் தேவைப்பட்டிருக்க மாட்டேன்.

நான் விரலை உயர்த்தினேன். என் வகுப்பில் தமிழோடு மலாயைக் கலந்து பேசுபவர்கள் அந்த விரலைக் கண்டதும் நிறுத்திவிட்டு, வாக்கியத்தைத் திருத்திச் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பில் அவள் பலமுறை அந்த விரலைப் பார்த்து நின்றிருக்கிறாள். பேரப்பிள்ளை எடுத்த பிறகும் அதை அவள் மறக்கவில்லை. வாயை மூடிக்கொண்டாள். எச்சில் விழுங்கினாள். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

என்ன சொல்கிறார் என்று டாக்டர் கேட்டார். தமிழில் 'காத்தாலே' என்றால் காலையில், காலையிலேயே எழுந்து வந்த களைப்பாம் என்று சொன்னேன். டாக்டர் சிரித்துவிட்டுப் படலத்தை ஒட்டினார். அவள் வீட்டு வாசலை அடைவதற்குள் தொண்டை முழுவதும் அடைத்துக்கொண்டதாகப் பிறகு சொன்னார்கள். மருத்துவமனை வேன் வந்தபோது உயிர் இல்லை.

ஆய்வை நிறுத்திவிட்டார்கள். லோகேஸ்வரியின் காலைப் போன வாரம் எடுத்தார்கள். ஆகவே இதனால் நான் எந்தப் பயனும் அடையவில்லை என்பதைத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

தம்பி, அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னதை மட்டும் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள்: "ஐயா, உடல் முழுவதும் அரிக்கிறது. தொண்டை அடைக்கிறது. எனக்கு இந்தக் கட்டு வேண்டாம்."

ஒரு பிறமொழிச் சொல்கூட இல்லை. அவளுக்குக் கற்பித்தவன் நான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.